ஐயத்தின் பலன் யாருக்கு?

நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் நியதி ஒன்று உண்டு. குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படும்வரை குற்றஞ்சாட்டப்பட்டவன் நிரபராதியே. ஐயம் எழுமாயின் அதன் பலன் அவனையே சாரும் என்பது அந்நியதி. அரச அதிகாரத்தின் முன் தனித்து நிற்கும் மனிதனைக் காப்பதற்காக, பல தலைமுறையினர் போராடிப் பெற்ற உரிமை இது. ஆனால், கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இவ்வுரிமை மனிதனல்லாத ஒன்றுக்கும் ஓசையின்றி வழங்கப்பட்டுவிட்டது. தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் இரசாயனப் பொருளே அது. அதனால் தீங்கு விளைகிறதென்று மற்றையோர் நிரூபிக்கும்வரை அது நிரபராதி. அதுவரை அது வயலில் தெளிக்கப்படலாம், ஏரியிற் கலக்கலாம், பிறவாத உயிரின் உடலிலும் புகலாம்.

இது நியாயந்தானா என்பதே எமது வினா. வெறுந் தர்க்கத்தால் இதற்கு விடைகாண முயல்வதிலும், நடந்த நிகழ்ச்சியொன்றை ஊன்றி நோக்கி விடைகாண்பது நன்று எனக் கருதுகின்றோம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் அப்பொப்கா என்றோர் ஏரி இருக்கிறது. அம்மாநிலத்தின் பெரிய ஏரிகளுள் அதுவும் ஒன்று. 1940களில் அதன் வடகரைச் சதுப்பு நிலத்தை அணைகட்டி, நீரை இறைத்து, விளைநிலமாக்கினர். மக்கிய தாவரங்கள் படிந்த அக்கருஞ்சேற்று மண்ணிற் சோளமும் கரட்டும் கீரைவகைகளும் செழித்தன. பண்ணைகள் உரத்தையும் பூச்சிநாசினிகளையும் பல்லாண்டுகளாகத் தாராளமாகப் பயன்படுத்தின. வயல்களில் தேங்கிய நீர் மீண்டும் ஏரிக்குள்ளேயே இறைக்கப்பட்டது.

இது போதாதென்று, ஏரியின் மறுபுறத்தில் ரவர் கெமிக்கல் கம்பனி என்ற நிறுவனம் இயங்கிவந்தது. தோடை மரங்களைத் தாக்கும் சிற்றுண்ணிகளைக் கொல்வதற்கான டைக்கோபோல் என்னும் இரசாயனத்தை அது தயாரித்தது. டைக்கோபோல், டி.டி.ரி.யை மூலப்பொருளாகக் கொண்டு செய்யப்படுவது. எனவே டி.டி.ரி.யும் அதன் இனப் பொருள்களும் அதனுள் மாசாகக் கலந்திருந்தன. அமெரிக்க விவசாயத்தில் டி.டி.ரி.யின் உபயோகம் 1972இலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. முன்வாயிலால் வெளியேற்றப்பட்ட அப்பொருள், வேறு பெயர் பூண்டு பின்வாயிலால் உள்ளே வந்தது எனலாம். 1980இல் அக்கம்பனியின் கழிவுநீர்க் குட்டை நிரம்பி வழிந்தது. நஞ்சு, சதுப்பு நிலத்தினூடாக ஏரியைச் சேர்ந்தது. 1983இல் அமெரிக்க அரசாங்கம் அவ்விடத்தை உடனடியாகத் துப்புரவு செய்யவேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலிற் சேர்த்தது.

அடுத்த சில ஆண்டுகளில் ஏரியின் இளம் முதலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துபோயின. இட்ட முட்டைகளிற் பெரும்பாலானவை பொரிக்கவில்லை. இவ்விழப்பு ஏன் கவனிக்கப்பட்டது என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். முதலைத் தோலுக்குச் சந்தை உண்டு. காட்டிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பண்ணைகளிற் பொரிக்கவைக்கும் தொழில் அங்கு வளர்ந்துவந்தமையால், எந்த ஏரியில் எத்தனை முட்டைகளை எடுக்கலாம் என்று கணக்கிடவேண்டிய தேவை இருந்தது. விலை உள்ள உயிராதலால் அது எண்ணப்பட்டது. எண்ணப்பட்டமையால் அதன் அழிவு தெரியவந்தது.

புளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி கில்லெற்றும் அவருடைய சகாக்களும் இம்முதலைகளின் உடலை ஆராய்ந்தனர். அப்பொப்கா ஏரியிலிருந்தும், மாசு மிகக் குறைந்த வூட்றவ் ஏரியிலிருந்தும் முட்டைகளைப் பெற்று, பொரித்த குட்டிகளை ஒப்பிட்டு 1994இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். அப்பொப்காப் பெண்குட்டிகளின் குருதியில் ஈஸ்திரடயோல் என்னும் பெண் ஓமோன், மற்றைய ஏரிக் குட்டிகளிலும் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. அவற்றின் சூலகங்களில், ஒரு முட்டை இருக்கவேண்டிய சூற்பையிற் பல முட்டைகள் காணப்பட்டன; ஒரு கரு இருக்கவேண்டிய முட்டைக்கலத்திற் பல கருக்கள் காணப்பட்டன. ஆண்குட்டிகளிலோ தெஸ்தோஸ்தரோன் என்னும் ஆண் ஓமோன், நல்ல ஏரியின் ஆண்குட்டிகளில் இருந்ததன் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாக, பெண்குட்டிகளின் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. விதைகளின் அமைப்புச் சீர்குலைந்திருந்தது. ஆண்குறி இயல்பிலும் சிறுத்திருந்தது.

ஊர்வனவற்றின் இயல்பை அறிந்தவர்க்கு இதன் பாரதூரம் விளங்கும். மனிதரிற் போல முதலையில் ஆண் பெண் என்ற பேதம் கருத்தரிக்கும் கணத்தில் தீர்மானமாவதில்லை. முட்டை கூட்டிற் கிடக்கும் காலத்தின் வெப்பநிலையே அதனைத் தீர்மானிக்கிறது. சுமார் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வளரும் முளையங்கள் பெண்ணாகின்றன. சுமார் 33 பாகையில் வளர்பவை பெரும்பாலும் ஆணாகின்றன. வெப்பம் என்னும் இச்செய்தியை முளையத்தின் உறுப்புகளுக்கு எடுத்துச்செல்வன ஓமோன்களே. அச்செய்தியின் நடுவே ஓர் அந்நியக் குரல் புகுந்தால் யாது நிகழும்? அதே 1994இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஆமை முட்டைகளை ஆண்குஞ்சு பிறக்கவேண்டிய வெப்பநிலையில் வைத்து, பி.சி.பி. எனப்படும் கைத்தொழில் இரசாயனங்கள் சிலவற்றை அவற்றின் ஓட்டிற் பூசினர். பெண்குஞ்சுகள் பிறந்தன. இயற்கை ஒன்று கூற, இரசாயனம் வேறொன்று கூறியது. முளையம் இரசாயனத்தின் சொல்லையே கேட்டது.

1995இல் வேறோர் உண்மையும் வெளிவந்தது. டி.டி.ரி. உடலினுட் சிதைந்து டி.டி.ஈ. என்னும் பொருளாக மாறுகிறது. கொழுப்பிற் படிந்து ஆண்டுக்கணக்காக அங்கேயே தங்குகிறது. கலங்களில் ஆண் ஓமோன் சென்று பொருந்தும் இடம் ஒன்று உண்டு. பூட்டின் துவாரத்தினுள் பிறிதொரு திறப்பு நுழைந்து, பூட்டைத் திறவாமலும் உரிய திறப்பை உள்ளே விடாமலும் அடைத்துக்கொள்வதுபோல, டி.டி.ஈ. அவ்விடத்தைப் பற்றிக்கொள்கிறது. ஓமோன் இருந்தும் பயனில்லை. நஞ்சென்றால் உடனே கொல்வது என்று எண்ணிப் பழகிய எமக்கு இது புதிய பாடம். இந்நஞ்சு கொல்வதில்லை, பெற்றோரை உயிருடன் விட்டு, பிறப்பவற்றின் உடலை மாற்றுகிறது. உண்டவனுக்கும் பாதிக்கப்படுபவனுக்கும் இடையே ஒரு தலைமுறை தூரம். ஆதலால் இதனை நிரூபிப்பது மிகக் கடினம்.

பொதுமக்களிடையே பெரிதாகப் பேசப்பட்டது ஆண்குறி பற்றிய செய்தியே. சிறுத்த ஆண்மை என்பது நகைப்புக்கும் அச்சத்துக்கும் ஏற்ற விடயமாயிற்று. சூலகத்திற் காணப்பட்ட சிதைவு அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. எனினும் அது செய்தியாகவில்லை. எந்த உடலின் கேடு உலகுக்குச் செய்தியாகிறது, எந்த உடலின் கேடு செய்தியாவதில்லை என்பதிலும் ஒரு சமுதாய ஒழுங்கு ஒளிந்துகிடக்கிறது.

இனி ஐயத்துக்கு வருவோம். விஞ்ஞானிகள் நேர்மையானவர்கள்; ஆகவே ஐயங்களை மறைக்கவில்லை. அவ்வேரியிற் கலந்தது ஒரு கம்பனியின் கழிவு மட்டுமன்று. பண்ணைகளின் பல்வகை நஞ்சுகளும், அளவுக்கு மீறிய உரச்சத்தும், ஊர்க் கழிவுநீரும் அங்கே சேர்ந்திருந்தன. இவற்றுள் எது எவ்வளவு தீங்கு செய்தது என்று பிரித்துக் கூறுதல் அரிது. முளையங்கள் மடிந்தமைக்குத் தாய் முதலைகளின் உணவில் ஏற்பட்ட தையமின் குறைபாடும் ஒரு காரணமாகலாம் எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். இத்தகைய ஐயமே அறிவின் உயிர்நாடி. ஐயமின்றி விஞ்ஞானம் இல்லை.

ஆயினும் விஞ்ஞானியின் ஐயம் வேறு, வியாபாரியின் ஐயம் வேறு. விஞ்ஞானி மேலும் அறியவேண்டும் என்பதற்காக ஐயுறுகிறான். வியாபாரி எதுவும் செய்யாதிருக்கவேண்டும் என்பதற்காக ஐயுறுகிறான். முதலாமவனுடைய ஐயம் ஆய்வைத் தொடக்கிவைக்கிறது; இரண்டாமவனுடைய ஐயம் நடவடிக்கையைத் தள்ளிவைக்கிறது. 1980இல் அப்பொப்காவிற் கொட்டிய டைக்கோபோலை, நிலைத்து நிற்கும் நச்சுப் பொருள்கள் பற்றிய ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் உலக நாடுகள் சேர்த்தது 2019இலேயே. முப்பத்தொன்பது ஆண்டுகள் அப்பொருள் உலக அரங்கில் ஐயத்தின் பலனை அனுபவித்தது. அப்பலனுக்கு விலை கொடுத்தோர் வேறு பலர்.

அவர்கள் யார்? முதலைகள் மட்டுமா?

அப்பொப்காவின் வடகரை வயல்களில் அரைநூற்றாண்டுக் காலம் குனிந்து நின்று வேலைசெய்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்கள். பிற்காலத்தில் மெக்சிக்கோ, எயிற்றி முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் அவர்களுடன் சேர்ந்தனர். மருந்து தெளித்த பயிரை வெறுங்கையால் அறுத்தோர் அவர்கள். அதே ஏரியின் மீனைப் பிடித்து உண்டோரும் அவர்கள். 1996இல் புளோரிடா அரசாங்கம் ஏரியை மீட்பதற்கென ஒரு சட்டம் இயற்றியது. சுமார் 14,000 ஏக்கர் பண்ணை நிலம் விலைகொடுத்து வாங்கப்பட்டது. நில உடைமையாளருக்குச் சென்ற தொகை ஏறத்தாழப் பத்துக் கோடி டொலர். 1998இல் பண்ணைகள் மூடப்பட்டன. ஏறக்குறைய 2,500 தொழிலாளர் வேலையிழந்தனர். மண்ணை நஞ்சாக்கியவர் அம்மண்ணுக்கு விலை பெற்றனர். அந்நஞ்சைத் தம் தோலிலும் மூச்சிலும் தாங்கியவர் வெறுங்கையுடன் வெளியேறினர்.

அவ்வாண்டு மாரிகாலத்தில் வயல்களில் நீர் நிரப்பப்பட்டபோது, மீனுண்ணும் பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கின. சில மாதங்களுள் வெண்ணிறக் கூழைக்கடாக்களும் நாரைகளுமாக அறுநூறுக்கு மேற்பட்ட பறவைகள் மாண்டன. அவற்றின் உடலில் டி.டி.ரி. இனப் பொருள்களும், டில்ட்ரின், ரொக்சபீன் முதலிய நஞ்சுகளும் கண்டறியப்பட்டன. பறவைகளின் மரணம் அரசாங்க விசாரணைக்கு உள்ளாயிற்று, அது சரியே. ஆனால், சில மாதங்கள் அம்மண்ணில் மேய்ந்த பறவைகளுக்கு இக்கதி நேர்ந்ததென்றால், முப்பது நாற்பது ஆண்டுகள் அம்மண்ணில் உழைத்த மனிதருக்கு யாது நேர்ந்திருக்கும் என்ற வினா இயல்பாகவே எழவேண்டியதன்றோ? முதலைக்குச் செய்ததுபோன்ற விரிவான ஆய்வு அவர்களுக்குச் செய்யப்படவில்லை. பண்ணைத் தொழிலாளர் சங்கத்தினர் தாமே வீடுவீடாகச் சென்று நோய்களைக் கணக்கெடுத்து 2006இல் வெளியிட்டனர். பின்னர் அச்சமூகத்துப் பெண்கள், மறைந்த தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு துணித்துண்டு என்ற முறையில் நினைவுப் போர்வைகளைத் தைத்து, ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தனர். ஆய்வறிக்கைகள் எழுதப்படாத இடத்தில் அப்போர்வைகளே அறிக்கைகளாயின.

இதனைக் கூறுவதால் முதலைமீது நாம் பொறாமை கொள்கின்றோம் என்று எவரும் கருதவேண்டியதில்லை. முதலையைக் கைவிட்டு மனிதனைக் காப்பாற்ற இயலாது. இரண்டையும் தாக்கியது ஒரே நஞ்சு. இரண்டுக்கும் உரியது ஒரே நீர். மேலும், முதுகெலும்புள்ள உயிரினங்கள் யாவற்றிலும் இவ்வோமோன்கள் ஏறக்குறைய ஒன்றே. ஈஸ்திரடயோல் முதலைக்கும் அதுவே, மனிதத் தாய்க்கும் அதுவே. ஆகவே முதலையின் சூலகம் எமக்குத் தந்தது ஓர் எச்சரிக்கை. எமது குற்றச்சாட்டு முதலை ஆராயப்பட்டது பற்றியதன்று. எச்சரிக்கை கிடைத்தபின் அதனைச் செவிமடுக்க மறுத்தது பற்றியதாகும்.

அம்மறுப்புத் தற்செயலானதன்று என்பதற்கு வேறோர் உதாரணம் காட்டுவோம். வேர்களைத் தாக்கும் புழுக்களைக் கொல்ல டி.பி.சி.பி. என்றோர் இரசாயனம் பயன்படுத்தப்பட்டது. அது எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்கிறதென்று, டவ், ஷெல் ஆகிய கம்பனிகளின் சார்பில் நடைபெற்ற ஆய்வுகள் 1961இலேயே அச்சில் வெளிவந்தன. ஆயினும் உற்பத்தி நிற்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் லேத்றொப் நகரிலிருந்த ஒரு தொழிற்சாலையில், அப்பொருளைக் கலந்த தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, தங்களுள் எவருக்கும் பிள்ளை பிறப்பதில்லை என்பதை உணர்ந்தனர். பரிசோதனை நடத்தப்பட்டது. பலர் மலடாகியிருந்தனர். எலி சொன்னபோது, “எலி மனிதனன்று” என்று ஐயுறலாம். மனிதன் சொல்லும்வரை பதினாறு ஆண்டுகள் காத்திருந்தனர். அமெரிக்காவில் 1979இல் அதன் உபயோகம் பெரும்பாலும் நிறுத்தப்பட்ட பின்னரும், மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களுக்கு அது போய்க்கொண்டிருந்தது. அங்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர் இதனாற் பாதிப்புற்றதாக வழக்குத் தொடுத்தனர். ஐயம் தீர்ந்தபின்னும் பலன் தீரவில்லை. எலியின் உடலும், வடக்கிலுள்ள தொழிலாளியின் உடலும் சாட்சி சொன்ன பிறகும், தெற்கிலுள்ள தொழிலாளியின் உடல் மீண்டும் ஒருமுறை சாட்சி சொல்லவேண்டியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பு எமது நாட்டிலிருந்தே எழுவதால் அதனை ஒதுக்கிவிடுவது முறையன்று. 1934–35இல் இலங்கையைப் பீடித்த மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுசென்றது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றமை எமது இடதுசாரி வரலாற்றின் முதல் ஏடுகளில் ஒன்று. 1946இல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். நுளம்பு வீழ்ந்தது, 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேரே. விழிப்புத் தளர்ந்ததும், 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஐயத்தைக் காட்டி அன்று டி.டி.ரி.யைத் தடுத்திருந்தால், அதற்கு விலை கொடுத்திருப்போர் ஏழைக் கிராமத்தவரே அல்லவா என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. நாம் இரசாயனத்தைப் பழிப்பவர்கள் அல்லர். அறிவியலை அஞ்சிப் பழமைக்கு ஓடுபவர்களும் அல்லர். ஆனால் இவ்விரு நிலைமைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோமாக. குடிசைச் சுவரில் டி.டி.ரி. பூசப்பட்டபோது, அதன் ஆபத்தை ஏற்றவரும் அதன் நன்மையைப் பெற்றவரும் ஒரே மக்கள். மறுபக்கத்து ஆபத்தோ வெறும் ஊகமன்று; பிணங்களாக எண்ணப்பட்ட ஆபத்து. அப்பொப்காவில் நன்மை ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு. நன்மை பெற்றவனே ஐயம் எவ்வளவு தூரம் நீளலாம் என்பதையும் தீர்மானித்தான். ஆக, இரசாயனம் நல்லதா தீயதா என்பதன்று அறத்தின் வினா. ஆபத்தைச் சுமப்பவன், அதனைப் பற்றிய தீர்மானத்திற் பங்குபெற்றானா என்பதே வினா. ஒரு மருந்தை ஏற்பதும் ஒரு நஞ்சுக்கு இரையாவதும் வேறுபடுவது இவ்விடத்திலேயே.

தனியுடைமை ஒழிந்தால் இது தானாகவே தீர்ந்துவிடும் என்று கூறி முடித்துவிடவும் எமக்கு மனச்சாட்சி இடந்தரவில்லை. சோவியத் மத்திய ஆசியாவின் பருத்தி வயல்களில் இலாபம் தேடும் கம்பனி இருக்கவில்லை. உற்பத்தி இலக்கு இருந்தது. அளவிறந்த பூச்சிநாசினிகளும் இலையுதிர்க்கும் இரசாயனங்களும் அங்கு தெளிக்கப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளும் அவ்வயல்களில் அறுவடைக்கு இறக்கப்பட்டனர். இலக்கைத் தீர்மானித்தோர் வேறு, இலைகளைத் தொட்டோர் வேறு. உடைமை எவர் பெயரில் இருந்தாலும், உழைப்பவனுடைய வாய் அடைக்கப்பட்டிருக்குமாயின் அவனுடைய உடல் பரிசோதனைச்சாலையாகவே இருக்கும்.

எனவே எமது முடிவு இது. ஐயத்தின் பலன் உரிமைகளையுடைய உயிருக்கே உரியது. விற்பனைப் பொருளுக்கு உரியதன்று. தீங்கில்லையென நிரூபிக்கும் கடப்பாடு அதனைச் செய்து விற்பவனைச் சாரவேண்டும். தீங்குண்டென நிரூபிக்கும் சுமை, அதனைச் சுவாசிப்பவன்மேல் ஏற்றப்படலாகாது. ஏற்றப்படுமாயின், அந்நிரூபணம் ஒரே ஒரு வழியிலேதான் கிடைக்கும்: அவன் நோயுற்ற பின்பு, அல்லது அவனுக்குப் பிறக்கவேண்டியது பிறவாமற்போன பின்பு.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனிப்பட்ட கடமை ஒன்று உண்டு. ஓமோன் என்றால் என்ன என்பதை நாம் பரீட்சைக்காகக் கற்பிக்கின்றோம், கற்கின்றோம். தோளில் மருந்துக் கலனைச் சுமந்து செல்லும் தொழிலாளிக்கு அவ்வறிவு சென்று சேர்வதில்லை. கலனில் ஒட்டியுள்ள சிட்டையை அவனுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டுவதும், அவன் தன் உடலைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்பதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். லேத்றொப் தொழிலாளரைக் காத்தது, அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டமையே. அப்பொப்காப் பெண்களுக்கு அப்பேச்சு எழுத்தில் ஏறும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஊசியும் நூலும் எடுத்தனர். எமது கையில் பேனா இருக்கிறது.